பொய் உச்சி

– இல்லக்கா, நான் சொல்றதை முழுசாக் கேளு. காத்து திசை மாறிடுச்சு. நேத்து வடக்கேருந்து வந்துது, இப்ப மேற்கேருந்து அடிக்குது. டாஸ்மேனியாவுல பொறந்து வளந்தவளுக்கு மேற்குக் காத்துன்னா மழையும் பனியும்தான்னு நான் சொல்லணுமா?

– காத்து மாறினா தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கோ. எந்திரி டேரில், பையை மாட்டு.

– கஞ்சியாவது குடிச்சு முடிக்கறேனே. ஓட்ஸ் இன்னும் கொதிக்குது.

– கொதிக்கறதாவது. அரை மணி நேரமா ஸ்பூனை வெச்சு அதைத் துழாவிக்கிட்டே இருக்கே, சத்தம் எனக்குக் கேக்காதா? நான் குடிச்சு, பாத்திரம் கழுவி, கூடாரத்தையும் மடிச்சாச்சு.

– அதாவது என்னன்னா, நாளைக்குக் கூட ஏறலாம். காரிகன் மலை எங்கயும் ஓடிடாது.

– மலை ஓடாது. என் கண்ணு ஓடுதுடா! அடுத்த கோடைக்குள்ள நடுப்பார்வை மொத்தமாப் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். நம்ம மலையேறும் கிளப் பட்டியல்ல நூத்திப் பதினெட்டு மலை. நூத்திப் பதினேழு ஏறியாச்சு. முப்பத்து நாலு வருஷம். கல்யாணம் பண்ணி, புள்ளை பெத்து, புருஷனை அடக்கம் பண்ணி, அத்தனைக்கும் நடுவுல ஏறினேன். இந்த ஒண்ணுதான் பாக்கி. இது என்னை எத்தனை தடவை திருப்பி அனுப்பியிருக்கு சொல்லு.

– மூணு தடவை.

– நாலு. ஒரு தடவை நீ மூட்டு வலின்னு வீட்டுல கவுந்து படுத்துக்கிட்டே.

– சரி தாயே, நாலு.

– நாலு தடவையும் பாதி வழியிலயே பனி, மழை, இல்லேன்னா உன் புலம்பல். இன்னிக்கு அந்த உச்சிக் கல்லுல வெறுங்கையை வைக்காம நான் வீட்டுக்குத் திரும்பறதா இல்ல. கையுறையோட தொட்டாக் கூட கணக்குல சேராது, தெரியுமில்ல?

– தெரியும், தெரியும். எனக்கு அந்தக் கடைசிப் பிளவை நினைச்சாத்தான் பயம். உச்சிக்கு முன்னாடி பாறை ரெண்டாப் பிளந்து கிடக்குமாம். நம்ம கிளப் ஹெட்லி எவ்வளவு பெரிய வீராதி வீரன்! அவனே அங்க எழுந்து நிக்க முடியாம, குழந்தை மாதிரி பின்பக்கத்தைத் தேச்சு தேச்சுத் தாண்டினானாம்.

– ஹெட்லியோட பின்பக்கம் பெருசு. என்னுது சின்னது. நடக்கறியா இல்லையா?

– நடக்கறேன். சும்மா சொல்லக்கூடாது, அறுபத்து மூணு வயசுக்கு உனக்கு இருக்கற பிடிவாதத்தை வெச்சு ஒரு கழுதையையே ஓட்டலாம்.

– கழுதை பின்னாடி வருது. நீ முன்னாடி போ.

– இடது பக்கம் சேறு. முழங்கால் ஆழம் இருக்கும். புல்லுக் குத்து மேலேயே கால் வெச்சு வா. ஒண்ணு, ரெண்டு, மூணாவது ஆடும், பாத்து. ஆங், இனிமே கெட்டித் தரைதான்.

– ம்.

– வலது பக்கம் வழுக்குப் பாறை. பாசி புடிச்சிருக்கு. குச்சியை ஊணிக்கோ.

– ஊணியாச்சு.

– அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவன் வாய் இது. "படி, பாத்து இறங்கு, பையை மறக்காதே"ன்னு அது பாட்டுக்குப் பேசும். மலையில எத்தனை தடவை "வாயை மூடிக்கிட்டு வாடா"ன்னு என்னைத் திட்டியிருக்கே. இந்தத் தடவை மூணு நாளா ஒரு வார்த்தை சொல்லல. உடம்பு கிடம்பு சரியில்லையா?

– வயசாச்சு, பொறுமை வந்திருக்கு. பேசு, பேசு.

– நல்லாத்தான் இருக்கு. கடைசி மலைன்னா கிளப்பே திரண்டு போய் உச்சியில ஷாம்பெயின் உடைக்கறதுதானே வழக்கம்? ஹெட்லி ஆறு பாட்டில் வாங்கி வெச்சுட்டு ஏங்கிப் போய் உக்காந்திருக்கான். ஒருத்தரும் வரக்கூடாதுன்னுட்டே. ஏன்க்கா?

– இருபது பேர் என் முதுகுக்குப் பின்னால நின்னு "பாத்து மெர்ரன், மெதுவா மெர்ரன்"னு கொஞ்சறதுக்கா? ஒரு கொஞ்சல் போதும். அது நீ.

– எல்லா மலையும் ஏறினவங்க பேரை எழுதற கிளப் மண்டபத்துப் பலகையில பன்னண்டாவது பேரு உன்னுது. எழுத்துப் பொறிக்கற ஆளுகிட்டக் கூட சொல்லி வெச்சாச்சாம்.

– என்னடா, பேச்சைக் காணோம்? ஏன் நின்னுட்டே? எங்க இருக்கே?

– இங்கதான், உனக்கு முன்னாடி நாலடியில. மூச்சு வாங்குது.

– வாங்கிக்கிட்டே பேசு.

– வெயில் நல்லா ஏறிடுச்சு. இந்தப் பாறை நிழல்ல பத்து நிமிஷம் உக்காருவோம். பையை இறக்கு. கேக் வெட்டறேன். அட, கத்தி எங்க போச்சு... அக்கா! அக்கா, உன் பையைப் பாரு!

– என்ன?

– கரவாங் பறவை! கருங்கழுதை, அலகால ஜிப்பை இழுத்துத் திறக்குது! உன் காலுக்குப் பக்கத்துலயே நிக்குது, விரட்டாம உக்காந்திருக்கியே. ச்சூ! ச்சூ! போச்சு. பாதாம் பொட்டலத்தைக் கொத்திக்கிட்டுப் போச்சு திருடன்.

– தின்னுட்டுப் போவட்டும் விடு. அதுக்கும் குளிர்காலம் வருது.

– நீயா பேசறே? போன வருஷம் ஒரு பிஸ்கட்டுக்காக ஒரு கரவாங்கை ஓடை வரைக்கும் துரத்தினவ நீ.

– கேக்கைக் குடு.

– இந்தா. இந்தா வரைபடம். இதுக்கு மேல வழி எப்படின்னு ஒரு தடவை பாத்துச் சொல்லு.

– ம்... சரியாத்தான் போறோம். நேரா மேல.

– வரைபடத்தைக் குடு, நானே வெச்சுக்கறேன்.

– என்னடா குரல் இது? கேக் சிக்கிக்கிச்சா?

– அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். சொல்லி முடிக்கற வரைக்கும் நடுவுல பேசாதே. அதாவது என்னன்னா... பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஓல்டன் மலை இருக்கு. ரெண்டு மேடு, ஒட்டகத் திமில் மாதிரி.

– ஓல்டன் என்னோட அம்பதாவது மலை. தொண்ணூத்தெட்டுல ஏறினோம். பனிமூட்டத்துல நீட்டின கை தெரியல. நீதான் வழி கண்டுபிடிச்சே. அதுக்கு என்ன இப்ப?

– நாம தொட்டது சின்னத் திமிலு.

– என்ன?

– உச்சி அது இல்லக்கா. பெரிய திமிலு கால் மணி நேர நடை தள்ளி இருந்துது. நமக்கு முன்னாடி பனியில வந்தவங்களும் இதுதான் உச்சின்னு நினைச்சு, சின்னத் திமிலு மேல கல்லைக் குவிச்சு வெச்சிருந்தாங்க. நானும் அதை நம்பித்தான் "வந்தாச்சு, தொடு"ன்னேன். அப்ப அது பொய் இல்ல, சத்தியமா.

– அப்ப எப்பப் பொய்யாச்சு?

– மறுநாள் விடியக்காலையில. முந்தின நாள் சுளுக்கின உன் கணுக்கால் பூசணி மாதிரி வீங்கிக் கிடந்துது, நீ தூங்கிக்கிட்டு இருந்தே. பனி விலகினதும் வெளியே வந்து பாத்தேன். இன்னொரு மேடு நிக்குது, தலைக்கு மேல. ஓடிப் போய் ஏறிப் பாத்தேன். அங்க ஆளுயரத்துக்குக் கல்லுத் தூண் இருந்துது. தொட்டுட்டு வந்தேன்.

– நீ தொட்டுட்டு வந்தே.

– வந்ததும் உன்கிட்ட சொல்லணும்னுதான் வந்தேன். நீ எழுந்து உக்காந்து அம்பதாவது மலைக்குன்னு கேக்கை வெட்டிக்கிட்டு இருந்தே. அழுதுக்கிட்டே சிரிச்சே. "டேரில், அம்பதைத் தொட்டுட்டோம்டா"ன்னே. உன் காலோட மறுபடி ஏறவும் முடியாது. எனக்கு வாய் வரலக்கா.

– கேக்கைத் தின்ன மட்டும் வாய் வந்துச்சு.

– ரெண்டு துண்டு.

– இருபத்தாறு வருஷம்! அடப்பாவி, இருபத்தாறு வருஷம் என் பக்கத்துலயே கூடாரம் போட்டுப் படுத்திருக்கே! நம்ம கிளப்புல யாராவது அத்தாட்சி கேப்பாங்களா? போட்டோ கேப்பாங்களா? போனேன்னா போனே, தொட்டேன்னா தொட்டே. சொன்ன வார்த்தைதான் எல்லாம். அந்த வார்த்தையைப் போய் இத்தனை பேர் நடுவுல நின்னு சொல்லிட்டேனேடா நான்!

– நானும் எழுந்து நின்னு சொன்னேன், "ஆமா, நானும் கூட இருந்தேன்"னு.

– வெக்கமா இல்ல உனக்கு?

– இருக்கு. அதனாலதான் உன் கூடாரத்தையும் கயித்தையும் அன்னிலேருந்து நானே சுமக்கறேன்.

– கழுதை மாதிரி சுமந்தா சரியாயிடுமா? கூடாரத்தை நான் சுமப்பேன், எனக்கு என் மலையைக் குடு!

– திட்டுக்கா. நல்லாத் திட்டு.

– திட்டி என்ன? இத்தனை வருஷம் இல்லாம இப்ப ஏன் சொல்றே? இன்னும் ரெண்டு மணி நேரத்துல ஏறி முடிச்சிருப்பேனே. சந்தோஷமாச் செத்திருப்பேனே.

– அதுக்குத்தான். நீ மேல போய்க் கல்லைத் தொட்டு, முடிஞ்சுதுடான்னு அழுவே. அப்புறம் நான் சொல்லவே முடியாது. சாகற வரைக்கும் அந்தக் கேக் என் தொண்டையிலயே நிக்கும். காலையிலேருந்து கஞ்சி இறங்கல எனக்கு. அக்கா, நான் ஒரு யோசனை சொல்றேன். கோவிச்சுக்காதே. இதை யாரும் பாக்கல. நமக்கு மட்டும்தான் தெரியும். இப்படியே திரும்பிடுவோம். காரிகனும் வேண்டாம், ஓல்டனும் வேண்டாம். நூத்திப் பதினாறுன்னா குறைச்சலா? ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம கையெடுத்துக் கும்பிடுவாங்க.

– குச்சியைக் குடு.

– அக்கா...

– குச்சியைக் குடுடா. எழுந்திரு. நூத்திப் பதினாறுன்னா இன்னும் ரெண்டு பாக்கி. இன்னிக்கு ஒண்ணு, அப்புறம் ஓல்டன்.

– ஓல்டனா? உனக்கென்ன பைத்தியமா? அது மேல ஏறற வழி பூரா முள் புதர், தலைக்கு மேல நிக்குது. அட்டை, சேறு, ஓடை! மூணு நாள் ஆகும்!

– சாப்பாடு இருக்கு. நீ தின்னறதைக் குறைச்சுக்கோ.

– மழை வரும்.

– நனையறேன்.

– முள் கிழிக்கும்க்கா.

– கிழியட்டும். தோலு எதுக்கு இருக்கு? செய்யாததைச் செஞ்சேன்னு பலகையில எழுதி வெச்சுட்டு நான் எப்படிடா அந்த மண்டபத்துல உக்காந்து டீ குடிப்பேன்? என் கண்ணு போவுது, அதை என்னால தடுக்க முடியாது. என் வார்த்தை போறதைத் தடுக்கலாம். நட.

– ரொம்பக் கோவமா இருக்கியா?

– ரொம்ப. உன் வாய் மட்டும் நிக்கக் கூடாது. முன்னாடி போய்ப் பேசிக்கிட்டே இரு. இனிமே ஒரு பொய் சொன்னே, தம்பின்னு பாக்க மாட்டேன், இங்கேருந்தே உருட்டி விட்டுடுவேன்.

– இங்க பாறை இடுக்கு ஒண்ணு வருது. சன்னல் அகலம்தான். பையைக் கழட்டி எங்கிட்டக் குடு. வலது கையை மேல நீட்டு. இன்னும் கொஞ்சம். அங்க ஒரு பிடி இருக்கு, காது மாதிரி. கிடைச்சுதா?

– கிடைச்சுது.

– இடது முட்டியை எடுத்து விளிம்புல வை. நான் கையைப் பிடிச்சுக்கறேன். ஒண்ணு, ரெண்டு, ஹூப்! சும்மா சொல்லக்கூடாது, நல்லா கனக்கறே.

– உன் ஓட்ஸ்தான்.

– இப்ப தவழணும். ரெண்டு பக்கமும் பாறை இருக்கு, பயமில்ல. தலையைத் தூக்காதே, இடிக்கும்.

– ஆ!

– தூக்காதேன்னு சொன்னேன்ல? காட்டு. ஒண்ணுமில்ல, சிராய்ப்பு.

– ரத்தம் வருதா?

– ஒரு சொட்டு. துடைச்சுட்டேன். அவ்வளவுதான், இதோட இடுக்கு முடிஞ்சுது. இனிமே காத்து மூஞ்சியில அடிக்கும். என் பின்னாடியே வா. பத்து எட்டு. இங்க கொஞ்சம் ஏத்தம். நில்லு. நில்லுக்கா. கொஞ்சம் இரு.

– என்ன இருக்கு முன்னாடி?

– இரு, தொப்பியை இறுக்கிக் கட்டிக்கறேன்.

– டேரில்! என்ன இருக்குன்னு கேக்கறேன்.

– கல்லுக் குவியல்.

– அப்படின்னா?

– வந்தாச்சுக்கா.

– வந்தாச்சா? அந்தப் பிளவு எங்க?

– தாண்டியாச்சு. தவழ்ந்து வந்தோமே, அதுதான்.

– அவ்வளவுதானா? இதுக்கா ஹெட்லி அந்தக் கதை அளந்தான்! வாய்ச் சொல்லுல வீரன். இந்தா கை, என் கையுறையைக் கழட்டு, விரல் விறைச்சுப் போச்சு.

– கழட்டிட்டேன். இங்க. இதுதான் மேல் கல்லு.

– அப்பா! என்ன சில்லுன்னு இருக்கு! சொரசொரன்னு, ஓரத்துல பாசி வேற. டேரில், டேய், தொட்டுட்டேன்டா! அஞ்சாவது தடவையில தொட்டுட்டேன். இரு, கையை எடுக்கவே மனசு வரல.

– அழாதேக்கா.

– அழுவேன். முப்பத்து நாலு வருஷத்து அழுகை. நீயும் வந்து உக்காரு, காத்துக்கு மறைவா. உன்கிட்ட நானும் ஒண்ணு சொல்லணும். பொய் சொன்னது நீ மட்டும் இல்ல.

– என்ன சொல்றே?

– டாக்டர் அடுத்த கோடைன்னு சொன்னது உண்மைதான். ஆனா அவர் அதைச் சொன்னது போன வருஷம். அவர் சொன்ன கோடை வந்து, இதோ முடியவும் போவுது. எனக்கு நடுவுல ஒண்ணுமே தெரியலடா. ஓரத்துல மட்டும் கொஞ்சம் வெளிச்சம், கொஞ்சம் நிழல். உன் மூஞ்சியைப் பாத்து ஆறு மாசமாச்சு. கிளப் ஆளுங்களை வேண்டாம்னு சொன்னதும் அதுக்குத்தான். தெரிஞ்சா வாசலைத் தாண்ட விட்டிருக்க மாட்டாங்க. மூணு நாளா உன் குரலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கறேன்.

– தெரியும்.

– தெரியுமா? எப்பலேருந்து?

– காலையில கரவாங் வந்தப்ப சந்தேகம். அப்புறம் வரைபடத்தைத் தலைகீழா வெச்சுக்கிட்டு "சரியாத்தான் போறோம்"னே. அப்பவே தெரிஞ்சு போச்சு.

– தெரிஞ்சும் ஏன் கூட்டிக்கிட்டு வந்தே?

– திரும்பிடலாம்னு கேட்டுப் பாத்தேனே. நீ ஒத்துக்குவியா?

– மாட்டேன்.

– அப்புறம்?

– பாவம்டா நீ. பயந்து பயந்து செத்திருப்பே. ஓல்டன் விஷயத்துல கோவம் இன்னும் இருக்கு, ஊருக்குப் போயும் திட்டுவேன். ஆனா ஒண்ணு. நீ அதை உன் வாயாலேயே சொன்னே பாரு, கீழ அந்தப் பாறையில உக்காந்து. அப்பத்தான் எனக்கு பயம் விட்டுப் போச்சு. இனிமே எனக்குன்னு கண்ணு கிடையாது. நீ சேறுன்னா சேறு, கல்லுன்னா கல்லு. நீ உச்சின்னா அது உச்சிதான். வேற யாரையும் கேக்க மாட்டேன். சரி, கையுறையைக் குடு, குளிருது. என்னடா? நீ ஏன் இப்ப அழறே?

– கையுறையை அப்புறம் மாட்டிக்கலாம், எழுந்திரு அக்கா. இது உச்சி இல்ல, பிளவு இனிமேதான் இருக்கு, ரெண்டு பக்கமும் பாதாளம், உன்னை அதுல இறக்க பயந்துக்கிட்டு இங்கேயே நிறுத்திட்டேன். என் பைப் பட்டையை இறுக்கிப் பிடி, இன்னும் அறுபதடி ஏறணும்.